நீலவ்வாவும் ப்ளீசவ்வாவும்

பியாடகி ஊரில் மிளகாய்க் காம்பு கிள்ளுவதில் நீலவ்வாவை அடிக்க ஆள் கிடையாது. நான் சொன்னால் நம்பலாம், ஏனென்றால் அடுத்தவரைப் புகழ்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் பெயர் துங்கவ்வா. பதினெட்டு வருடமாக அவளுக்குப் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து கிள்ளுகிறேன். நான் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டு நிமிர்வதற்குள் அவள் மூன்றைக் கிள்ளிப் போட்டு, என் மருமகளைப் பற்றி இரண்டு வார்த்தையும் சொல்லி முடித்திருப்பாள்.

எங்கள் வேலை சங்கராந்திக்குத் தொடங்கும், உகாதி தாண்டி ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நாலு மாதம். அந்த நாலு மாதக் கூலியில்தான் மீதி எட்டு மாதமும் அடுப்பு எரிய வேண்டும். நீலவ்வாவின் புருஷன் பக்கீரப்பா சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். இடுப்பு போன பிறகு வீட்டில் உட்கார்ந்து ரொட்டி தட்டுகிறான். நன்றாகத்தான் தட்டுகிறான். ஆனால் தட்டுவதற்குச் சோள மாவு வேண்டுமே, அது நீலவ்வாவின் விரல்களிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

போன வருடம் எங்கள் பழைய சவுகார் முதலாளி குடோனை ஒரு பெங்களூரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கம்பெனி எங்களுக்கு மூன்று சாமான்களை அனுப்பியது. ஒரு தண்ணீர் சுத்தம் பண்ணுகிற பெட்டி, ஒரு மேனேஜர், சுவரில் மாட்டுகிற ஒரு ரேகை மெஷின். தண்ணீர்ப் பெட்டி ஒரே வாரத்தில் மூச்சை நிறுத்திவிட்டது. மற்ற இரண்டோடும்தான் நாங்கள் மாரடிக்க வேண்டியதாயிற்று.

மேனேஜர் பெயர் அபிலாஷ். இருபத்தாறு வயது, சலவை செய்த சட்டை. முதல் நாள் குடோன் வாசலில் கால் வைத்ததும் தும்ம ஆரம்பித்தார். முப்பத்தொரு தும்மல், பாரவ்வா எண்ணினாள். எங்கள் ஊர் மிளகாய்க்கு நிறம்தான் அதிகம், காரம் கம்மி என்று எல்லோருக்கும் தெரியும். அதை அவருடைய மூக்கிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அடுத்த நாள் மெஷினை வாசல் பக்கத்துச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மாட்டினார்கள். எங்களில் பக்தி அதிகம் இந்தப் பாரவ்வாவுக்குத்தான். கரண்ட் மீட்டரைக்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவள் விட்டுவிடுவாளா? மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்தாள். தேங்காய்த் தண்ணீர் மெஷினுக்குள் போகாமல் அபிலாஷ் சார் தன் சட்டையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். சட்டை போயிற்று, மெஷின் பிழைத்தது.

"இனிமே கையெழுத்து நோட்டு கிடையாது," என்று சார் பேசினார். "காலைல வந்ததும் விரல் வைக்கணும். சாயங்காலம் போறப்ப விரல் வைக்கணும். ஒன்பதைத் தாண்டினா அரை நாள் போச்சு. மாசக் கடைசில ஹெட் ஆபீஸ்லேருந்து லிஸ்ட் வரும். லிஸ்ட்ல பேர் இல்லன்னா கூலியும் இல்ல, வேலையும் இல்ல. ஒருத்தருக்காக இன்னொருத்தர் விரல் வெச்சா, ரெண்டு பேருக்கும் அன்னிக்கே கணக்கு முடிப்பு. மெஷின் பொய் சொல்லாது."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்ன அழகைப் பார்த்தால், நாங்கள் பதினெட்டு வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டே மிளகாய் கிள்ளியது போல இருந்தது. இதையெல்லாம் தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மெஷின் பக்கத்திலேயே ஒட்டியும் வைத்தார்.

பிறகு ஒவ்வொருவராகப் போய் விரலைப் பதிந்தோம். ஆளுக்கு மூன்று தடவை அழுத்த வேண்டும். சரியாக இருந்தால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் "தேங்க்யூ" என்று சொல்லும், ஒரு எண் தெரியும். இல்லையென்றால் "ப்ளீஸ் ட்ரை அகைன்" என்று சொல்லும். கிளார்க் ஹொன்னப்பா எங்கள் பெயர்களை வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தேழாவது நீலவ்வா.

அவள் கட்டை விரலை வைத்தாள்.

"ப்ளீஸ் ட்ரை அகைன்."

ஆள்காட்டி விரல். ப்ளீஸ். நடு விரல். ப்ளீஸ். இடது கை முழுக்க ப்ளீஸ்.

"அம்மா, தடவிக் குடுக்கிறீங்க, அதான்," என்றார் சார். ஒரு கையில் போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு கையை நீட்டினார். "இங்க பாருங்க. இப்படி வைக்கணும். இப்படி அழுத்தணும். இப்படி, அவ்வளவுதான்."

"தேங்க்யூ," என்றது மெஷின்.

"பாத்தீங்களா? ஆயிடுச்சு. அடுத்தது யாரு, வாங்க வாங்க!"

நான் நாற்பத்தெட்டு. எனக்கு ஒரே சுற்றில் ஆயிற்று. நான் நிதானமாகக் கிள்ளுகிறவள், என் விரலில் ரேகை இருக்கிறது. எல்லோரும் முடித்த பிறகு கடைசியாகச் சார் தன் விரலை வைத்தார். மெஷின் ஆங்கிலத்தில் வேறு என்னவோ சொன்னது.

"இந்த விரல் ஏற்கெனவே இருக்குதாம் சார்," என்றார் ஹொன்னப்பா.

"மேனேஜர் விரல் இல்லாமலா மெஷினை அனுப்புவாங்க?" என்று சார் காலரைச் சரி செய்துகொண்டு போனார்.

மறுநாள் காலையில் தொடங்கியது வினை. நாங்கள் எல்லோரும் தேங்க்யூ வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். நீலவ்வாவுக்கு மட்டும் ப்ளீஸ். பத்து விரலையும் இரண்டு சுற்று வைத்துப் பார்த்தாள். ஹொன்னப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"யவ்வா, உனக்கு ரேகையே இல்லையே! துடைச்சு வெச்ச பாத்திரம் மாதிரில்ல இருக்கு!"

"எங்க போயிருக்கும்?" என்றாள் நீலவ்வா.

"மிளகாயோட போயிருக்கும். பதினெட்டு வருஷமா ஏற்றுமதி ஆகியிருக்கு."

நாங்கள் சிரித்தோம். நீலவ்வாவும் சிரித்தாள். மத்தியானம் பார்த்தால் ரொட்டியைப் பிரிக்காமலே துணியில் கட்டி வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கும் விஷயம் உறைத்தது. ஐம்பது வயதில், சீசன் நடுவில், அவளை வேறு எந்த குடோனில் எடுப்பார்கள்?

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு வேடிக்கை நடந்தது. நாங்கள் அறுபது பேரும் மிளகாய்க் கையோடு மெஷினில் விரல் வைத்துவிட்டு வாசலில் நின்றோம். சார் கடைசியாக வந்து விரல் வைத்தார். வைத்த கையாலேயே கண்ணைக் கசக்கினார். அவ்வளவுதான், தாரை தாரையாகக் கண்ணீர்.

"பாவம்டி, எனக்காக அழுவுறான்," என்றாள் நீலவ்வா. "பெங்களூருப் பிள்ளையா இருந்தாலும் நெஞ்சுல ஈரம் இருக்கு."

அடுத்த நாளும் அழுதார். அதற்கடுத்த நாளும் அழுதார். நான்காவது நாள் நீலவ்வா அவரிடம் போய், "அழாதீங்க சார், கடவுள் பாத்துப்பார்," என்று ஆறுதல் சொல்லி, அவர் கண்ணைத் தன் விரலாலேயே துடைத்துவிட்டாள். பாவம் அந்த மனுஷன், தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டவர் அரை மணி நேரம் வெளியே எடுக்கவில்லை.

மெஷினுக்குள்ளே இருக்கிறவளுக்கு நாங்கள் ப்ளீசவ்வா என்று பெயர் வைத்தோம். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வாலில் ஒரு அவ்வா இல்லாவிட்டால் பெயர் முடிந்த மாதிரி இருக்காது. ப்ளீசவ்வாவைச் சரிக்கட்ட ஒவ்வொருவரும் ஒரு வழி சொன்னார்கள். பக்கீரப்பா வெண்ணெய் தடவச் சொன்னான். தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பாரவ்வா எல்லம்மாவுக்கு வேண்டிக்கொண்டாள். ஹொன்னப்பா போனில் தேடிப் பார்த்து, பதினைந்து நாள் மிளகாயைத் தொடாமல் இருந்தால் ரேகை திரும்ப வளருமாம் என்றார்.

"அப்ப வேலைக்கு வந்தேன்னு காட்ட, வேலைக்கு வராம இருக்கணுமா?" என்று நீலவ்வா கேட்டாள். ஹொன்னப்பா போனை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அவள் கட்டை விரலில் கோடு கோடாக ரேகை வரைந்தேன். வாசல் கோலத்தில் எனக்குத் தெருவில் பெயர் உண்டு. சுழி, வளைவு எல்லாம் அச்சாக வந்தது, நடுவில் ஒரு சின்னத் தாமரையும் போட்டேன். ப்ளீசவ்வா ட்ரை அகைன் என்றாள். ரசனை கெட்டவள்.

ஹொன்னப்பா மனசு கேட்காமல் ஒரு பள்ளிக்கூட நோட்டில் நீலவ்வாவின் வருகையைத் தினமும் எழுதி வைத்தார். சார் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல செல்லாது," என்றார். "நான் என்ன பண்றது? எல்லாருக்கும் எடுக்குது, உங்களுக்கு மட்டும் எடுக்கல. தப்பு மெஷின்ல இல்லை." அதைச் சொல்லும்போது அவர் நீலவ்வாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கூடை மிளகாயை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். பிறகு பொறுக்குவது நான்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

மாதக் கடைசி நாள் வந்தது. மறுநாள் லிஸ்ட். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது.

"நீலவ்வா, கையிலதானே ரேகை இல்ல? கால்ல இருக்குமே!"

கால் கட்டை விரலைப் பிடித்துப் பார்த்தோம். அடேயப்பா, கோடு கோடாக, புது விரல்! ஆனால் மெஷின் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது, நீலவ்வா நெல் குதிர் மாதிரி இருப்பாள். ஆறு மூட்டைகளை இழுத்துப் போட்டு, அதன்மேல் அவளைப் படுக்க வைத்தோம். நான் ஒரு காலைப் பிடித்தேன், இன்னும் இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள்.

"தள்ளுங்கடி! இன்னும் மேல! ஐயோ, தொடை பிடிக்குது!"

"விரலை நீட்டு!"

"நீட்டித்தான் இருக்கேன், சுவரைக் கிட்ட கொண்டு வா!"

பாரவ்வா வாயில் அடித்துக்கொண்டாள். "பூஜை பண்ணின மெஷின்டி! காலை வைக்கிறீங்களே, கண்ணு அவிஞ்சு போயிடும்!"

"உன் சாமி அவ கையைத்தான் ஏத்துக்கலையே, காலையாவது ஏத்துக்கட்டும்," என்றேன்.

விரல் கண்ணாடியைத் தொட்டது. "ப்ளீஸ் ட்ரை அகைன்" என்றாள் ப்ளீசவ்வா. பின்னாலிருந்து "என்ன இது?" என்று ஒரு குரல். சார் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பயத்தில் கையை விட்டோம். நீலவ்வா மூட்டையிலிருந்து உருண்டு மிளகாய்க் குவியலுக்குள் போய்விட்டாள், ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"கம்பெனி மெஷின்ல காலா?" என்று சார் அந்தக் காலைப் பார்த்துக் கேட்டார். "நாளைக்கு லிஸ்ட் வரட்டும். அதோட நீங்க வீட்டுலயே இருக்கலாம்."

குவியலை விட்டு எழுந்து வந்த நீலவ்வா தலையிலிருந்த மிளகாயைக்கூடத் தட்டவில்லை. "எட்டு மாசத்துக்கு நான் எங்க போவேன் துங்கா?" என்று மட்டும் கேட்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. நான் அவள் தலையிலிருந்த மிளகாயை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை சார் எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். ஒழுங்கு தப்பினால் என்ன ஆகும் என்று நாங்கள் காதாலேயே கேட்க வேண்டுமாம். குடோன் போனிலிருந்து ஹெட் ஆபீஸ் மேடத்தைக் கூப்பிட்டு, பியாடகி குடோன் என்று மட்டும் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார்.

"லிஸ்ட் பாத்தேன்," என்றது மேடத்தின் குரல். "நீலவ்வாங்கிறது யாரு?"

சார் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "சொல்லுங்க மேடம். அவங்க விஷயமாத்தான் நானும்..."

"எப்பேர்ப்பட்ட பொம்பளை அவங்க! மாசம் முழுக்க ஒரு நாள் லீவு இல்ல. ஞாயித்துக்கிழமைகூட வந்திருக்காங்க. சாயங்காலம் கடைசியாப் போறதும் அவங்கதான். காலைல மட்டும் ஒன்பதே முக்காலுக்கு வர்றாங்க, இந்த மாசம் அரை நாள் பிடிக்காம விட்டிருக்கோம், இனிமே கொஞ்சம் கண்டிச்சு வைங்க. இந்த மாசத்துச் சிறந்த தொழிலாளி அவங்கதான். ஒரு குக்கர் அனுப்பறோம். நீங்க கையால குடுத்து போட்டோ எடுத்து அனுப்பணும்."

நாங்கள் எல்லோரும் நீலவ்வாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"இன்னொண்ணு," என்றாள் மேடம். "அங்க அபிலாஷ்னு ஒரு மேனேஜரைப் போட்டோம். அந்த ஆள் இதுவரைக்கும் ஒரு நாள்கூட வேலைக்கு வரல. எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"மேடம், நான்தான் அபிலாஷ்."

"எங்கேருந்து பேசறீங்க?"

"குடோன்லேருந்துதான் மேடம்! தினமும் இங்கதான் இருக்கேன்!"

"மெஷின்ல இல்லையே."

"மேடம், மெஷின்ல ஏதோ..."

"மெஷின் பொய் சொல்லாது அபிலாஷ். இந்த மாசச் சம்பளத்தை நிறுத்தி வெச்சிருக்கேன். விளக்கம் எழுதி அனுப்புங்க."

போன் வைக்கப்பட்டது. சார் மெஷினிடம் ஓடிக் கட்டை விரலை அழுத்தினார். தேங்க்யூ. எண் நாற்பத்தேழு. ஹொன்னப்பா பதிவைத் திறந்து பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது, பிறகு தொப்பை குலுங்கியது, பிறகு மேஜையும் சேர்ந்து குலுங்கியது.

"சார், நாற்பத்தேழு நீலவ்வா. அன்னிக்கு 'இப்படி, இப்படி'ன்னு மூணு தரம் அழுத்திக் காட்டினீங்களே, அது அவ பேர்ல பதிஞ்சு போச்சு. ஒரு மாசமா நீங்கதான் சார் நீலவ்வா!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குடோனுக்கு வந்தது வேலைக்கு இல்லை. அவர் அறையில் போன் சரியாக எடுக்காது, ஆபீசில் நெட் இலவசம், அதற்காக வந்தது. நீலவ்வா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னை ஏன் சார் தினமும் ஒன்பதே முக்காலுக்கு வர வெச்சீங்க? பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் நான் லேட்டா வந்ததில்ல!"

சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நான் ஹெட் ஆபீஸ்ல உண்மையைச் சொல்லிடறேன். உங்க பேர்லேருந்து என் விரலை எடுத்துடச் சொல்றேன்."

ஹொன்னப்பா சுவரில் ஒட்டியிருந்த தாளைச் சுட்டிக் காட்டினார். ஒருவருக்காக இன்னொருவர் விரல் வைத்தால் இரண்டு பேருக்கும் அன்றைக்கே கணக்கு முடிப்பு. கீழே அபிலாஷ் என்று நீட்டி முழக்கின கையெழுத்து.

சார் தாளைப் படித்தார். தானே எழுதினதை அவ்வளவு கவனமாகப் படித்த ஆளை நான் பார்த்ததில்லை.

"சார்," என்றாள் நீலவ்வா, குரலைத் தாழ்த்தி. "வேலை நான்தான் பண்ணினேன். அது ஹொன்னப்பா நோட்டுல இருக்கு. நீங்க வாயத் திறந்தா என் அடுப்பும் அணையும், உங்க அடுப்பும் அணையும். பேசாம இடது கை விரல் ஒண்ண உங்க பேர்ல பதிஞ்சுக்குங்க. வலது கட்டை விரல் என்னோடதாவே இருக்கட்டும்."

வேறு வழியில்லை. அப்படியே ஆயிற்று. கையில் காயம் என்று அவர் விளக்கம் எழுதினார். சம்பளம் பத்து நாள் தள்ளி வந்தது. அந்தப் பத்து நாளும் பக்கீரப்பா தட்டின ரொட்டியும் கடலைச் சட்னிப் பொடியும்தான் அவருக்குச் சாப்பாடு. "நல்லாச் சாப்பிடுங்க சார், விரல் இளைச்சிடப் போகுது," என்று நீலவ்வா பக்கத்தில் நின்று பரிமாறினாள். குக்கரும் வந்தது. அதைக் கொடுக்கிற போட்டோவில் அவள் முகத்தைவிடச் சாரின் கட்டை விரல்தான் பெரிதாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு அபிலாஷ் சாரின் பிழைப்பு நாறிப் போனது. ஒன்பதைத் தாண்டினால் நீலவ்வாவுக்கு அரை நாள் போகுமே! எட்டரைக்கெல்லாம் அவள் சார் குடியிருக்கிற லாட்ஜ் வாசலில் நின்று, மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"சார்! எந்திரிங்க! எனக்கு நேரமாச்சு!"

ஒரு நாள் சாரின் அம்மா போனில் கூப்பிட்டு, உகாதிக்குப் பெங்களூரு வரவில்லையா என்று கேட்டாள். உகாதி முடிந்த மறுநாள் எங்களுக்கு வேலை. "வர முடியாதும்மா, நீலவ்வாவுக்கு லீவு இல்ல," என்றார் சார். அந்தம்மா, யார் அந்த நீலவ்வா, எந்த ஊர்ப் பெண், ஜாதகம் இருக்கிறதா என்று அழ ஆரம்பித்துவிட்டாள். சமாதானம் பண்ண நீலவ்வாவே போனை வாங்கிப் பேசினாள். "கவலைப்படாதீங்கக்கா, உங்க புள்ளை என்னோட விரல், நான் பாத்துக்கிறேன்," என்றாள். மறுமுனையில் என்ன ஆயிற்றோ தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலை நீலவ்வா மூச்சிரைக்க குடோனுக்கு ஓடி வந்தாள்.

"சார் எந்திரிக்கல! கதவத் தட்டினா முனகல்தான் வருது!"

மணி எட்டு முப்பத்தைந்து. நானும் பாரவ்வாவும் இன்னும் இரண்டு பேரும் மிளகாய் மூட்டை தள்ளுகிற வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். சார் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

"நூத்தி மூணு," என்றார்.

"ஒன்பதுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு சார், எந்திரிங்க," என்றாள் நீலவ்வா.

"என்னால முடியாது. உடம்பெல்லாம் வலி."

"எனக்கும் போன வருஷம் இதே காய்ச்சல்தான். சாக்குல உக்காந்துதான் நடுங்கினேன். வண்டி கீழ நிக்குது."

கையும் காலுமாகத் தூக்கிக் கீழே கொண்டு வந்து, வண்டியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்து, போர்வையைத் தலைவரை இழுத்து மூடினோம். வெயில் படக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில்தான் மூடினோம். சந்தைத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். மண்டக்கிப் பொரி வறுத்துக்கொண்டிருந்த வீரப்பா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

"யாரு துங்கவ்வா?"

"மேனேஜர்."

"அடப்பாவமே, சின்ன வயசு! எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்குள்ள!"

அவன் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். பூக்காரி ஒருத்தி எழுந்து வந்து, ஒரு முழம் சாமந்தியைப் போர்வை மேல் போட்டுக் கும்பிட்டாள். பூ மூக்கில் பட்டதோ, சந்தைக் காற்று பட்டதோ, போர்வைக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. பூக்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓடினவள், அந்தத் தெருவில் அன்றைக்குக் கடை போடவில்லை.

குடோன் வாசலை அடையும்போது எட்டு ஐம்பத்தாறு. பாரவ்வா அக்குளைப் பிடித்தாள். நான் இடுப்பைப் பிடித்தேன். நீலவ்வா அவருடைய வலது கட்டை விரலைத் தன் முந்தானையால் துடைத்து, பச்சைப்பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி எடுத்து மெஷினில் வைத்தாள்.

"தேங்க்யூ."

நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். பாரவ்வா மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாரை மறுபடி வண்டியில் படுக்க வைத்தோம்.

"இனிமேலாவது என்னைப் படுக்க விடுங்க," என்றார் சார், பல்லு தந்தியடிக்க. "எனக்கு மூணு நாள் லீவு. மெயில் போட்டாச்சு. காய்ச்சலுக்குக் கம்பெனியில சம்பளத்தோட லீவு உண்டு."

"நல்லாப் படுங்க சார். மத்தியானம் பக்கீரப்பா கஞ்சி கொண்டு வருவான்," என்றாள் நீலவ்வா. "நாளைக்கு எட்டரைக்கு வண்டி வரும்."

"ஐயோ, அதான் லீவுன்னு சொல்றேனே!"

"லீவு உங்களுக்கு சார்." அவள் அவருடைய கட்டை விரலை மெதுவாகத் தட்டிக் கொடுத்து, போர்வைக்குள் வைத்து மூடினாள். "இதுக்கு ஏது? இது தினக்கூலி."

அபிலாஷ் சார் அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, விரலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. காலை நேரம், மெஷினில் இன்னும் மிளகாய் ஒட்டியிருக்காது. ஹொன்னப்பா வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் கூடப் போகவில்லை, எங்களுக்கு வேலை நேரம் தொடங்கிவிட்டது.